டிஸ்குக்குள் உலகம்மாள்

என் மனைவி உலகம்மாள் சென்ற பொங்கலிலிருந்து ஹார்ட் டிஸ்கில் குடியிருக்கிறாள். ஆதம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட் ஒற்றைப் படுக்கையறை. அதில் அவளுடைய பாத்திரங்களும் என்னுடைய குறட்டையும் சேர்ந்து இருக்க முடியவில்லை. டிஸ்கில் இடம் ஏராளம். தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கவேண்டாம். கொசுவும் கிடையாது. எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பேர் அப்படி உள்ளே போய்விட்டவர்கள்தான். வீட்டுக்கு ஒருவர் மட்டும் வெளியே இருக்கவேண்டும், மின்சாரம் போய் வந்தால் சுவிட்சைப் போட. எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான். துறைமுகத்தில் எடைமேடை உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன். சுவிட்ச் போடுவது எனக்குப் பெரிய காரியமில்லை.

உள்ளே இருப்பவர்களோடு நாம் நேராகப் பேச முடியாது. நடுவில் கெர்னல் வேண்டும், கம்ப்யூட்டரில் எல்லாச் சாமான்களையும் மேய்க்கும் ஆள். எங்கள் வீட்டுக் கெர்னல் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாற்பது வயது மதிக்கலாம். அரைக்கைச் சட்டை, கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருப்பார். மின்விசிறியோ அழைப்பு மணியோ டிஸ்கோ, வீட்டில் எந்தச் சாமானைத் தொடுவதானாலும் அவர் வழியாகத்தான் தொடவேண்டும். ஒவ்வொரு சாமானோடும் பேச அவருக்கு ஒரு டிரைவர் தேவை. கட்டைவிரல் பருமனில் ஓர் உருண்டை அது. வாயில் போட்டு விழுங்கினால் அந்தச் சாமானின் பாஷை அவருக்கு வந்துவிடும்.

இந்த வகை டிஸ்கிலிருந்து வருவதெல்லாம் சம அளவுத் துண்டுகளாகத்தான் வரும். பிளாக் என்று சொல்வார்கள். அவள் சமைத்து அனுப்பும் இட்லிக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. அப்பளம் பொடியாக வந்து சேர்ந்தது. உலகம்மாள் என்னைத் திட்டுவதும் துண்டு துண்டாகத்தான் வந்தது. "மாத்திரை போட்டியளா, இல்ல நேத்து மாதிரி" என்று ஒரு துண்டைக் கெர்னல் கொண்டுவந்து வைப்பார். மீதித் துண்டுக்கு நான் கைகட்டிக் காத்திருப்பேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் இந்தக் கெர்னலுக்கு நடையை மிச்சம் பிடிக்கும் பழக்கம் இருந்தது. உள்ளே போனால் கேட்ட வரிசையில் எடுக்கமாட்டார். வழியில் எது கிட்டே இருக்கிறதோ அதை முதலில் எடுத்து வருவார். காலையில் சர்க்கரை வரும். பத்து மணிக்குப் பால் வரும். டிகாஷன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். நான் இவற்றைத் தனித்தனியாகக் குடித்துவிட்டு, காப்பி குடித்ததாக நினைத்துக்கொள்ளவேண்டும்.

உலகம்மாளிடம் புகார் சொல்லி அனுப்பினேன். "போடுங்க ஆளை வேற மொதல்ல" என்று பதில் வந்தது. வரிசைப்படுத்திப் பார்த்தால் நியாயமான யோசனை.

கெர்னலை மாற்றுவது என்றால் வேறு ஆளைக் கூட்டிவருவது இல்லை. அதே ஆளைப் படுக்கவைத்து, புதிதாகச் செய்து, எழுப்பவேண்டும். படுப்பதற்கு முன் அவரே கேள்வி கேட்பார். நாம் சொல்லும் பதிலை வைத்துத்தான் அவர் எழுந்திருப்பார். கேட்கவேண்டிய கேள்வி எல்லாவற்றையும் கேட்காமல் அவர் படுக்கமாட்டார் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

"ஃப்ளாப்பிக்கு டிரைவர் வேண்டுமா?" என்று ஆரம்பித்தார்.

"அந்தக் காலத்துக் குட்டி டிஸ்க்தானே? வீட்டில் ஃப்ளாப்பி இல்லையே ஐயா."

"இருக்கிறதா என்று கேட்கவில்லை. வேண்டுமா என்று கேட்டேன்."

"வேண்டாம்."

"அடுத்த வீட்டு டிஸ்கை நம் வீட்டு டிஸ்காகப் பாவிக்கும் வசதி வேண்டுமா?"

"அடுத்த வீட்டு டிஸ்கில் யார் இருக்கிறார்கள்?"

"அது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்."

இந்தக் கடைசி வாக்கியத்தை ஒவ்வொரு கேள்விக்கும் சேர்த்துச் சொன்னார். ஒரு காகிதத்தை டிஸ்க் என்று நம்பும் வசதி வேண்டுமா, தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஊரில் மட்டும் விற்று, பிறகு யாரும் வாங்காத டிஸ்குக்கு டிரைவர் வேண்டுமா, தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் மனம் சலித்து, கேள்வி முடிவதற்கு முன்பே வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு போனேன். நடுவில் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும், தெரியாவிட்டால் வேண்டும் என்று சொல்லுங்கள் என்றார். நான் பழக்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதற்காக அவர் முதல் கேள்விக்குத் திரும்பிப் போனார்.

பசி நேரத்தில்தான் முக்கியமான கேள்வி வந்தது.

"உங்கள் மனைவி இருக்கும் வகை டிஸ்க். அதன் டிரைவரை எனக்குள்ளேயே சேர்த்துவிடவா, தனியாகச் செய்து கொடுக்கவா, வேண்டாமா?"

"வேண்டாம் என்றுகூடச் சொல்லலாமா?"

"சொல்லலாம். சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்."

"உள்ளே சேர்ப்பதற்கும் தனியாகச் செய்வதற்கும் என்ன வித்தியாசம்?"

"உள்ளே சேர்த்தால் எழுந்திருக்கும்போதே எனக்கு அந்தப் பாஷை தெரிந்திருக்கும். வயிறு கொஞ்சம் கனக்கும். தனியாகச் செய்தால் வேண்டும்போது விழுங்கிக்கொள்வேன்." சொல்லிவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டார்.

பாவமாக இருந்தது. நாள் முழுக்க எனக்காக நடக்கிற ஆள். தனியாகவே செய்யுங்கள் என்றேன். உருண்டையைச் செய்து என் உள்ளங்கையில் வைத்தார். "பத்திரமான இடத்தில் வையுங்கள், தொலைந்தால் கஷ்டம்" என்றார்.

எங்கள் வீட்டில் தொலையக்கூடாத பொருள் எதுவானாலும் உலகம்மாளிடம் கொடுத்து வைப்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து வழக்கம். கொடுத்தேன். கெர்னல் அதைக் கொண்டுபோய் அவளிடம் சேர்த்தார். "அரிசி டிரம்முல போட்டு வச்சிருக்கேன்" என்று பதில் வந்தது. திருப்தியோடு கெர்னலைப் படுக்கவைத்து, புதிதாகச் செய்து, சுவிட்சைப் போட்டு எழுப்பினேன்.

எழுந்து உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்துத் தலையசைத்தார். அழைப்பு மணியைப் பார்த்துத் தலையசைத்தார். டிஸ்கைப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"என் மனைவி இருக்கிற டிஸ்க்."

"எனக்கு இதன் பாஷை தெரியாது. டிரைவரைக் கொடுங்கள்."

"அதை என் மனைவியிடம் கொடுத்திருக்கிறேன்."

"வாங்கித் தாருங்கள்."

"அவள் டிஸ்கில் இருக்கிறாள்."

"டிஸ்கைத் திறக்க டிரைவர் வேண்டும்."

"டிரைவர் டிஸ்கில் இருக்கிறது."

"டிஸ்கிலிருந்து எடுங்கள்."

இப்படி வெயில் ஜன்னலின் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு நகரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் குரலை உயர்த்தவில்லை. நான்தான் உயர்த்தினேன். கடைசியில் அவர், "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அப்படியே உறைந்துபோனார். இரண்டு கண்ணும் மட்டும் ஒரே தாளத்தில் சிமிட்டின. கெர்னல்கள் பதறினால் அப்படித்தான். சுவிட்சை அணைத்துப் போட்டு எழுப்பினேன். எழுந்தார். மின்விசிறிக்குத் தலையசைத்தார். மணிக்குத் தலையசைத்தார். "இது என்ன?" என்றார்.

அப்போதுதான் சங்கச் செயலாளர் சந்தானகிருஷ்ணன் உள்ளே வந்தார். அடுக்ககத்தில் எந்தக் கெர்னல் பதறினாலும் அவர் வீட்டில் மணி அடிக்கும்.

"சார், உங்க வீட்ல அடையாளம் தெரியாத டிஸ்க் ஒண்ணு இருக்காமே."

"எனக்கு அடையாளம் தெரிகிறது."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன சார் பிரயோஜனம். கெர்னலுக்குத் தெரியணும். கெர்னலுக்குத் தெரியாத டிஸ்க் காலி டிஸ்க். சங்க விதி அதுதான். காலி டிஸ்கை ஆறு மணிக்கு ஃபார்மட் பண்ணி, காத்திருக்கிறவங்களுக்குக் கொடுத்துடணும்."

"காத்திருப்பது யார்?"

"என் மாமியார்தான். ஆவடியில ஒரு ஃப்ளாப்பியில இருக்காங்க. கால் நீட்ட முடியலன்னு தினமும் ஃபோன். வண்டி வச்சுக் கிளம்பிட்டாங்க சார், பூந்தமல்லி தாண்டியாச்சு."

ஃபார்மட் செய்தால் டிஸ்கில் இருப்பது எல்லாம் போய்விடும். அரிசி டிரம் போகும், பாத்திரங்கள் போகும், உலகம்மாளும் போவாள். அதற்குப் பிறகு என்னிடம் டிரைவர் இருந்தும் பயனில்லை. செயலாளர் இதை அறியாதவர் இல்லை. ஆனால் அவருக்கு ஆவடியிலிருந்து ஃபோன் வருகிறது, எனக்கு எங்கிருந்தும் வரவில்லை.

டிஸ்கில் காதை வைத்தேன். உள்ளேயிருந்து டக் டக் என்று கேட்டது. கரண்டியால் தட்டுகிறாள் என்று புரிந்தது. வெளியே சத்தமில்லை என்றால் அவள் உடனே கரண்டியை எடுத்துவிடுவாள்.

"கேட்டீர்களா, ஆள் இருக்கிறாள்" என்றேன்.

கெர்னலும் குனிந்து காதை வைத்தார். "சத்தம் போடும் டிஸ்க் சீக்கிரம் கெட்டுப்போகும் டிஸ்க்" என்றார்.

"அப்போ ஆறு மணிவரைக்கும்கூட வைக்கக்கூடாது சார்" என்றார் செயலாளர். "அஞ்சரைக்கே பண்ணிடலாம்."

நான் கெர்னலின் நாற்காலிக்கு எதிரே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எடைமேடையில் லாரிக்காரர்களிடம் பேசிய குரலை வரவழைத்துக்கொண்டேன்.

"அதே டிரைவரை இன்னொரு தடவை செய்து கொடுங்கள்."

"கொடுக்கலாம். கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும்."

"எல்லாவற்றுக்குமா?"

"முதலிலிருந்து. ஃப்ளாப்பிக்கு டிரைவர் வேண்டுமா?"

என்ன செய்வது. மறுபடி அத்தனைக்கும் வேண்டாம் சொன்னேன். செயலாளர் வாசற்படியில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இடையில் கெர்னலின் ஒரு கேள்வி காதில் விழுந்ததும், "அது என்ன சார், நல்லா இருக்கும்போல இருக்கே, போட்டு வைங்களேன்" என்றார். அதைப் போட்டால் அதற்குக் கீழே கிளைக் கேள்விகள் முளைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் பேசியதையும் பதிலாக எடுத்துக்கொண்டு கெர்னல் அந்தக் கிளைகளுக்குள் இறங்கினார். நான் செயலாளரை ஒரு பார்வை பார்த்தேன். அவர் கடிகாரத்தைத் துடைத்தார்.

உலகம்மாளின் டிஸ்க் கேள்வி வந்தபோது, "உள்ளேயே சேருங்கள், வயிறு வெடித்தாலும் பரவாயில்லை" என்றேன்.

"விழித்திருக்கும்போது உள்ளே சேர்க்க முடியாது. தனியாகத்தான் செய்யலாம்."

"சரி, படுத்துக்கொள்ளுங்கள்."

"படுத்துச் செய்வதற்கு வேண்டிய சாமான்கள் எல்லாம் டிஸ்கில் இருக்கின்றன."

"சரி, தனியாகவே செய்யுங்கள். என் கையில் கொடுங்கள். நான் உடனே உங்கள் வாயில் போடுகிறேன்."

"கை என்பது இடம் ஆகாது. இடத்தில் வைக்காத பொருளை நான் விழுங்குவதில்லை. இடம் என்றால் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கவேண்டும். வீடு என்றால் ஏதாவது ஒரு டிஸ்கில் இருக்கவேண்டும்."

"நாம் இப்போது உட்கார்ந்திருப்பது வீடு இல்லையா?"

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். "இதை நான் அப்படி எடுத்துக்கொண்டதில்லை" என்றார்.

எனக்குத் தலையைச் சுவரில் மோதவேண்டும்போல் இருந்தது. சுவரும் வீட்டில் சேர்த்தி இல்லை என்பதால் விட்டுவிட்டேன். டிஸ்கில் கரண்டிச் சத்தம் நின்று, பூரிக்கட்டைச் சத்தமாக மாறியிருந்தது.

"இந்த மாதிரி மாட்டிக்கொள்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"தற்காலிக வீடு கட்டுவார்கள்" என்றார், நான் இதைக் காலையிலேயே கேட்டிருக்கலாமே என்ற முகத்தோடு. "நினைவிலேயே கட்டிவிடலாம், டிஸ்க் வேண்டியதில்லை. அதற்குள் டிரைவரை வைப்போம். நான் விழுங்குவேன். டிஸ்க் திறக்கும். எல்லோரும் உள்ளே மாறிக்கொண்டதும் தற்காலிக வீட்டை விடுவித்துவிடுவேன், இடம் காலியாகிவிடும்."

"கட்டுங்கள்."

"அதில் என்னென்ன இருக்கவேண்டும்?"

"டிரைவர்."

"டிரைவர் மட்டும் இருந்தால் அதை எதன் மேல் வைப்பது?"

"ஒரு மேசை."

"மேசை எதன் மேல் நிற்கும்? தரை வேண்டுமா?"

"வேண்டும்."

"நாற்காலி?"

"வேண்டும்."

"வாசற்படி?"

காலையிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று சொல்லித்தான் இந்த நிலைமைக்கு வந்திருந்தேன். இனிமேல் எதையும் விட்டுவைப்பதில்லை என்று முடிவு செய்தேன். வாசற்படி வேண்டும் என்றேன். மாடிப்படி வேண்டும் என்றேன். லிஃப்ட் என்று கேட்டபோது நான் கொஞ்சம் யோசித்தேன். "லிஃப்ட் இல்லாம எப்படி சார், மாமியார் எப்படி ஏறுவாங்க" என்று செயலாளரே பதில் சொன்னார். லிஃப்ட் சேர்ந்தது. செயலாளர் வேண்டுமா என்று கெர்னல் கேட்டார். நாகரிகம் கருதி, வேண்டும் என்றேன். தண்ணீர்த் தொட்டி, கேட், இஸ்திரி வண்டி, தெரு, தெருமுனை மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றேன். ரயில்வே ஸ்டேஷன் வேண்டுமா என்றார். ஸ்டேஷன் இல்லாமல் ஆதம்பாக்கத்தில் யார் இருப்பது, வேண்டும் என்றேன். கத்திப்பாரா மேம்பாலம் என்றார். அந்த மேம்பாலத்தில் நான் ஒருமுறை வழி தவறி ஒரு மத்தியானம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். இருந்தாலும் வேண்டும் என்றேன். பூந்தமல்லி என்றார். செயலாளரும் நானும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றோம். கெர்னல் அலுக்காமல் கேட்டார், நான் அலுத்துக்கொண்டே சேர்த்தேன். கடைசியில், "கடல்?" என்றார். "போட்டுத் தொலையுங்கள்" என்றேன்.

தற்காலிக வீடு தயாரானது. பார்ப்பதற்கு ஒன்றும் வித்தியாசமில்லை. அதே ஹால், அதே நாற்காலி, வாசற்படியில் அதே செயலாளர். மேசை மேல் உருண்டை இருந்தது. கெர்னல் அதை எடுத்து விழுங்கினார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. டிஸ்கைத் திரும்பிப் பார்த்து, வெகுநாள் பழகியவர்போலத் தலையசைத்தார்.

டிஸ்க் திறந்தது. கதவில் உலகம்மாள் பூரிக்கட்டையோடு நின்றிருந்தாள். பின்னால் நீளமான கூடம், அதன் கோடியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஃபார்மட் பண்ணலையா சார், அஞ்சரை ஆச்சே" என்றார் செயலாளர்.

"அடையாளம் தெரிந்த டிஸ்கை ஃபார்மட் செய்ய விதி இல்லை" என்றார் கெர்னல். "மாறுகிறவர்கள் மாறலாம்."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். கெர்னல் என் பின்னால் வந்தார். செயலாளரையும் கூப்பிட்டேன். "மாமியாருக்கு என்ன பதில் சொல்றது சார், கேட் கிட்ட வந்துட்டாங்க" என்று அங்கேயே நின்றார். கெர்னல் கதவைச் சாத்தினார். சாத்தியதும், வழக்கப்படி, தற்காலிக வீட்டை விடுவித்தார்.

நான் சொன்ன வரிசையில்தான் விடுவித்தார். உள்ளே ஒரு சின்ன ஜன்னல் இருந்தது, அதன் வழியாகப் பார்த்தேன். மேசை போனது. தரையும் நாற்காலியும் வாசற்படியும் போயின. லிஃப்ட், அதற்கு அடுத்து செயலாளர். தெரு, மருந்துக்கடை, ஸ்டேஷன். மேம்பாலம் போவதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. கடைசியில் கடல் போனது. அதன் சத்தம் முன்னால் போய், தண்ணீர் பின்னால் போனது.

"நிறைய இடம் மிச்சம்" என்றார் கெர்னல். திருப்தியாக இருந்தார்.

உலகம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தெறக்குறதுக்கு உள்ள சாமானைக் கொண்டாந்து உள்ளயே போடுதியளே, அதக் குடுக்கும்போது ஒரு நிமிசம் யோசிக்காண்டாமா, நான் பூரிக்கு மாவப் பெசஞ்சு வச்சுட்டு எம்புட்டு நேரந்தான் தட்டிக்கிட்டுக் கெடக்கது, கை ரெண்டும் கழண்டுபோச்சு, மாத்திரை போட்டியளா இல்லியா?"

நடுவில் ஆள் இல்லாததால் வாக்கியம் முதலிலிருந்து கடைசிவரை, ஒரு துண்டும் உடையாமல், அவள் சொன்ன வரிசையிலேயே வந்து சேர்ந்தது. பொங்கலுக்குப் பிறகு நான் முழுதாகக் கேட்ட முதல் திட்டு அது. இல்லை, போடவில்லை என்றேன். போட்டுக்கொண்டேன். காப்பி கொடுத்தாள். அதில் பாலும் சர்க்கரையும் டிகாஷனும் ஒரே நேரத்தில் இருந்தன.

"செக்ரட்டரி சத்தம் கேட்டுதே, எங்க அவரு?"

"தற்காலிக வீட்டில் இருந்தார்."

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போயிருக்கலாம்" என்றாள். ஜன்னலில் தலையை நீட்டி வெளியே கொஞ்ச நேரம் பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு வாளி நிறைய ஈரத்துணியும், ஒரு சுருள் நைலான் கயிறும் எடுத்துவந்தாள்.

கயிற்றின் ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டினாள். மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். நான் ஜன்னல் வழியாக இறங்கி, கயிறு விறைக்கும் தூரம்வரை நடந்தேன். கட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லாததால் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். சேலைகள் முடிந்து வேட்டிகளுக்கு வந்திருக்கிறாள். காற்று இல்லை, காய நேரமாகும் என்று அங்கிருந்தே சொல்கிறாள்.